தும்மினா லீக் ஆகுதுன்னு டாக்டர்கிட்ட சொல்ல எனக்கு 4 வருஷம் ஆச்சு

ரெண்டாவது டெலிவரிக்கு அப்புறம் ஆரம்பிச்சது. தும்மினா, இருமினா, குழந்தைய தூக்கினா கூட யூரின் லீக் ஆகும். புள்ள பெத்தா இதெல்லாம் சகஜம்னு நானே முடிவு பண்ணி பேட் வச்சே ஓட்டிட்டேன், வெளிய கிளம்பணும்னா காலைலேர்ந்து தண்ணி குடிக்க மாட்டேன், போற இடத்துல முதல்ல பாத்ரூம் எங்கன்னுதான் கண்ணு தேடும்.

முதல் தடவை டாக்டர்கிட்ட போனப்ப "அடிக்கடி யூரின் வருது"ன்னு மட்டும் சொன்னேன். இன்ஃபெக்‌ஷன் இருக்கான்னு டெஸ்ட் எடுத்தாங்க, இல்ல, அவ்ளோதான். அவங்களயும் குத்தம் சொல்ல முடியாது, லீக்ங்கற வார்த்தையே என் வாயில வரல. ஆறு மாசம் கழிச்சு மறுபடி போனப்ப எல்லாத்தையும் ஒரு பேப்பர்ல எழுதிட்டுப்போய் நீட்டிட்டேன்.

3 நாள் டைரி எழுத சொன்னாங்க. என்ன குடிச்சேன், எப்ப போனேன், எத்தனை எம்எல், எப்ப லீக் ஆச்சு, அப்ப என்ன பண்ணிட்டு இருந்தேன். அளவு ஜக்குல பிடிச்சு எழுதறது முதல் நாள் செம கடுப்பு, ஆனா அதுலதான் விஷயமே வெளிய வந்துச்சு, வராட்டியும் எதுக்கும் போயிட்டு வந்துடலாம்னு 100 எம்எல்லுக்கே ஓடிட்டு இருந்திருக்கேன், சாதாரணமா 300, 400 வரைக்கும் தாங்குமாம். யூரின் போனப்புறம் உள்ள தங்குதான்னு ஸ்கேன்ல பாத்தாங்க, தங்கல. எனக்கு ரெண்டும் கலந்து இருக்காம், தும்மும்போது வர்றது ஸ்ட்ரெஸ், அடக்க முடியாம ஓடறது அர்ஜ். ஸ்ட்ரெஸ்னதும் டென்ஷனாலயோன்னு நினைச்சேன், இல்ல, வயித்துல விழுற அழுத்தமாம்.

யூரினை அடக்கற தசைய பலப்படுத்தற கெகல் எக்சர்சைஸ் நான் ஏற்கனவே பண்ணிட்டுதான் இருந்தேன், பலனே இல்லன்னு பிசியோதெரபிஸ்ட்கிட்ட சொன்னா, பண்ணிக் காட்டுங்கன்னாங்க. மூச்சைப் பிடிச்சுக்கிட்டு பின்பக்கத்த இறுக்கிட்டு இருந்திருக்கேன்! கேஸ் வெளிய போகாம அடக்குவோமே, அந்த மாதிரி உள்ள இழுக்கணும், மூச்சு பாட்டுக்கு போகணும். ஒரு தடவைக்கு 8, ஒரு நாளைக்கு 3 வேளை, குறைஞ்சது 3 மாசம். முதல் அஞ்சு வாரம் ஒரு மாத்தமும் தெரியல, விட்டுடலாம்னு கூட இருந்துச்சு.

கூடவே அவசரம் வந்தா உடனே ஓடாம 15 நிமிஷம் தள்ளிப்போட சொன்னாங்க, காபிய குறைச்சேன். தண்ணி குறைச்சது தப்பாம், யூரின் கெட்டியாகி இன்னும் எரிச்சல் பண்ணுமாம். மாத்திரையும் குடுத்தாங்க, வாய் வறண்டு போச்சு, சொன்னதும் மாத்திட்டாங்க.

இப்ப தும்மலுக்கு பயம் இல்ல. சளி பிடிச்சு விடாம இருமினா மட்டும் கொஞ்சம் வரும், அதுக்குன்னு பைல ஒரே ஒரு பேட் கிடக்கு.