டான் அப்போந்தியோ மேல் எனக்குள்ள கோபம்

இத்தாலிய எழுத்தாளர் மன்சோனியின் 'இ ப்ரொமெஸ்ஸி ஸ்போஸி' (நிச்சயிக்கப்பட்ட மணமக்கள்) நாவலில் என்னைப் பாடாய்ப்படுத்துவது வில்லன் டான் ரொட்ரீகோ இல்லை, பாதிரியார் டான் அப்போந்தியோதான். 1628 நவம்பரில் ஒரு மாலை, கோமோ ஏரிப் பக்கத்துச் சிற்றூர், ஜெபப் புத்தகத்தோடு நடந்து வருகிற பாதிரியாரை, லூசியா மேல் கண் வைத்த ரொட்ரீகோவின் இரண்டு அடியாட்கள் மறித்து, அவர் நடத்திவைக்க இருந்த ரென்சோ லூசியா கல்யாணம் நடக்கவே கூடாது என்கிறார்கள். மனிதர் ஆடிப்போய்விடுகிறார். பயம் வரும்தான், சரி. ஆனால் மறுநாள் ஆசையோடு வந்து நிற்கிற ரென்சோவிடம், அவனுக்குப் புரியாத லத்தீனில் சட்டம் பேசி நாள் கடத்துகிறாரே, அதைத்தான் என்னால் தாங்க முடிவதில்லை.

பின்னால் கர்தினால் பொர்ரொமேயோ, ஏன் கல்யாணத்தை நடத்திவைக்கவில்லை என்று கேட்கும்போது, தைரியம் இல்லாதவன் அதை எங்கே போய் வாங்குவான் என்கிற மாதிரி முனகுகிறார். கர்தினாலோ அவரைக் கண்டித்த கையோடு, என் குறைகளையும் நீங்கள் சொல்லுங்கள் என்று கேட்கிறார். எவ்வளவு பெரிய மனசு!

இன்னொரு பக்கம் கிறிஸ்தோஃபொரோ. இளவயதில் தெருச்சண்டையில் ஒருவனைக் கொன்றவர், துறவியாகி, செத்தவனின் அண்ணன் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்டு, அந்த வீட்டில் தந்த ரொட்டியில் ஒரு துண்டைக் கடைசிவரை பத்திரப்படுத்துகிறார். 1630 கொள்ளைநோயில், பழிவாங்கத் துடிக்கும் ரென்சோவை அதட்டி, சாகக் கிடக்கும் ரொட்ரீகோவின் படுக்கைக்கே கூட்டிப்போவதும் அவர்தான். ரென்சோ மன்னிக்கிறான், அதை ஏற்கிறேன்.

ஆனால் ரொட்ரீகோ செத்தது உறுதியான பிறகுதான் அப்போந்தியோ கல்யாணத்தை நடத்திவைக்கிறார். அவரை மட்டும் எனக்கு இன்னும் மன்னிக்க மனசு வரவில்லை.