டெக்சஸ் பள்ளிக்கு 'ஏ' கிரேடு: வீடு பார்க்கும் முன் அதைப் பிரித்துப் படிக்கும் விதம்

டல்லாஸ் பக்கம் வீடு தேடும் தமிழ்க் குடும்பங்கள் முதலில் கேட்பது "அந்த ஸ்கூல் ஏ-வா?" என்றுதான். டெக்சஸ் மாநிலம் ஒவ்வொரு பள்ளிக்கும் ஏ முதல் எஃப் வரை தரும் தர எழுத்தைத்தான் சொல்கிறார்கள். கேட்பதில் தப்பே இல்லை. ஆனால் அந்த எழுத்து எங்கிருந்து வந்தது என்று பார்க்க அரை மணி நேரம் போதும். நாங்கள் பார்க்கும் வரிசையைச் சொல்கிறோம்.

முதலில் முகவரி. வீட்டு விளம்பரத்தில் போட்டிருக்கும் பள்ளியை நம்பாதீர்கள். ஃப்ரிஸ்கோ, ப்ராஸ்பர் மாதிரி வேகமாக வளரும் ஊர்களில் புதுப் பள்ளி திறந்தால், எந்த வீட்டுக்கு எந்தப் பள்ளி என்ற எல்லை மாறிவிடும். பள்ளி மாவட்டத்தின் (அந்தப் பகுதிப் பள்ளிகளை நடத்தும் அமைப்பு) இணையதளத்தில் முகவரியைக் கொடுத்து உறுதிசெய்யுங்கள். வீட்டு விளம்பரங்களில் காணும் 1 முதல் 10 வரையான மதிப்பெண் பெரும்பாலும் கிரேட்ஸ்கூல்ஸ் என்ற அரசு சாராத தளம் தருவது. மாநிலம் தரும் எழுத்து வேறு கணக்கு.

அடுத்து, மாநிலக் கல்வித் துறையின் டிஎக்ஸ்ஸ்கூல்ஸ் தளத்தில் பள்ளியைத் தேடுங்கள். எழுத்தோடு நிற்காமல் கீழே உள்ள மூன்று மதிப்பெண்களைப் பாருங்கள்: மாணவர் தேர்ச்சி, முன்னேற்றம், மாணவர் பிரிவுகளுக்கு இடையிலான இடைவெளி. மொத்த மதிப்பெண்ணில், தேர்ச்சி, முன்னேற்றம் இரண்டில் எது அதிகமோ அது 70 சதவீதம். இடைவெளி 30 சதவீதம். தேர்ச்சி 92, முன்னேற்றம் 81, இடைவெளி 74 என்றால் 64.4-உம் 22.2-உம் சேர்ந்து 86.6, அதாவது பி. முன்னேற்றத்தின் 81 கணக்கிலேயே வரவில்லை, கவனித்தீர்களா? ஏற்கெனவே நன்றாகப் படிக்கிற பிள்ளைகள் ஓராண்டில் எவ்வளவு வளர்ந்தார்கள் என்பது அப்படியே மறைந்துபோகும். எங்களுக்கு முக்கியமான எண் அதுதான்.

தொடக்கப் பள்ளியில் இது பெரும்பாலும் மாநிலம் நடத்தும் ஸ்டார் தேர்வை வைத்து. அது மூன்றாம் வகுப்பில்தான் ஆரம்பிக்கிறது. யூகேஜி சேர்க்கப் போகிறவர்களுக்கு அந்த எழுத்து தங்கள் பிள்ளையின் வகுப்பைப் பற்றி ஒன்றும் சொல்லாது. இரண்டாம் வகுப்பு வரை மட்டுமே உள்ள பள்ளி என்றால், ஜோடி சேர்த்த வேறொரு பள்ளியின் மதிப்பெண்ணே அதற்கும் வரும்.

ஆண்டையும் பாருங்கள். 2020, 2021-இல் கொரோனாவால் தரம் தரப்படவில்லை. 2023-இல் விதி மாறியது: உயர்நிலைப் பள்ளிகளில் கல்லூரி, வேலைக்குத் தயாரான மாணவர்களுக்கான பகுதியில் 'ஏ' வாங்க முன்பு 60 சதவீத மாணவர்கள் தேறினால் போதும், அது 88 சதவீதம் ஆனது. பள்ளி மாவட்டங்கள் வழக்குத் தொடுத்ததால் அந்த ஆண்டின் தரங்கள் 2025 ஏப்ரலில்தான் வெளிவந்தன. 2022-இல் ஏ, 2023-இல் பி என்று இருந்தால் பள்ளி கெட்டுவிட்டது என்று முடிவுகட்ட வேண்டாம்.

நம்மவர்கள் தடுமாறும் இடம் சேர்க்கையின்போது வரும் வீட்டு மொழிப் படிவம். தமிழ் என்று எழுதினால் பிள்ளைக்கு ஆங்கிலத் திறன் சோதனை வைப்பார்கள். ஆங்கிலம் போதாது என்று வந்தால் ஆண்டுதோறும் டெல்பாஸ் என்ற ஆங்கிலத் திறன் தேர்வு உண்டு. கூடுதல் மொழி வகுப்பு வேண்டாம் என்று பெற்றோர் கையெழுத்துப் போட்டாலும் அந்தத் தேர்வு நிற்காது. அதற்குப் பயந்து ஆங்கிலம் என்று பொய்யாக எழுதாதீர்கள். பிள்ளைக்குச் சேர வேண்டிய உதவி கைவிட்டுப் போகும்.

எழுத்துத் தரமே கூடாது என்கிற பெற்றோரும் நிறையப் பேர். வசதி குறைந்த பகுதிகளில் அவர்கள் பயம் நியாயமானது. தொடர்ந்து ஐந்து ஆண்டு தேறாத பள்ளியை மூடலாம், அல்லது பள்ளி மாவட்டத்தின் நிர்வாகத்தையே மாநிலம் எடுத்துக்கொள்ளலாம். 2023-இல் ஹூஸ்டனில் அது நடந்தது; ஒரே ஒரு உயர்நிலைப் பள்ளியின் தொடர் தோல்வி அதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று. எழுத்து இருக்கட்டும், ஆனால் மூன்று மதிப்பெண்களையும் அதே பெரிய அளவில் பக்கத்திலேயே போட வேண்டும் என்பது எங்கள் கருத்து.

கடைசியாக, அந்தப் பள்ளியின் ஆண்டுச் செயல்திறன் அறிக்கையைத் திறங்கள். வகுப்புக்கு எத்தனை பிள்ளைகள், ஆசிரியர்களுக்கு எத்தனை ஆண்டு அனுபவம் என்று அதில் இருக்கும். முதல் ஆண்டு ஆசிரியர்கள் அதிகமாகத் தெரிந்தால், பள்ளியைப் பார்க்கப் போகும்போது தலைமையாசிரியரிடம் காரணத்தைக் கேளுங்கள்.