மிதிவெடி

கண்ணிவெடி என்றால் வாகனத்துக்குப் புதைப்பது, கிளைமோர் என்றால் ஒளிந்திருப்பவர் ஆளைப் பார்த்து சுவிட்சை அமத்தி வெடிக்கவைப்பது, மிதிவெடி என்றால் நாங்கள் கால் வைத்தால் வெடிப்பது. இலங்கையின் வடக்கில், போர் நடந்த வன்னியில் வளர்ந்த எங்களுக்கு இதை யாரும் பள்ளிக்கூடத்தில் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. பல வருடம் கழித்து மிதிவெடியைத் தடைசெய்யும் 1997ஆம் ஆண்டின் ஒட்டாவா உடன்படிக்கையை வாசித்தபோது திகைத்துவிட்டேன், அதன் வரைவிலக்கணமும் அதுதான்: ஒரு மனிதர் கிட்ட வந்தாலோ தொட்டாலோ வெடிக்கும்படி செய்யப்பட்ட வெடி. வாகனக் கண்ணிவெடி அந்தத் தடைக்குள் வராது, ஆள் இருந்து இயக்கும் கிளைமோரும் வராது. மிதிப்பது சிப்பாயா, விறகு பொறுக்க வந்த அம்மாவா என்று பார்க்க அங்கே ஒருவருமே இல்லாத வெடிக்கு மட்டும்தான் தடை.

சரி, இப்போது ஏன் இதை எழுதுகிறேன் என்றால், 2025இல் எஸ்தோனியா, லாட்வியா, லித்துவேனியா, பின்லாந்து, போலந்து ஐந்தும் இந்த உடன்படிக்கையிலிருந்து விலகுவதாக அறிவித்தல் கொடுத்தன. பக்கத்தில் ரஷ்யா, அது இதில் கையெழுத்தே வைக்காத நாடு. அவர்களுடைய பயம் பொய்யில்லை, அதை நான் மறுக்க மாட்டேன். ஆனால் பின்லாந்து 2012இல் சேர்ந்து, கையிருப்பில் இருந்த பத்து லட்சத்துக்கும் அதிகமான மிதிவெடிகளை அழித்த நாடு, அதுவே திரும்பிப் போனது எனக்கு வலிக்கிறது. உடன்படிக்கையின் 20ஆம் உறுப்புரைப்படி அறிவித்தல் கொடுத்து ஆறு மாதத்தில் விலகலாம். அந்த ஆறு மாதம் முடியும்போது நாடு போரில் இருந்தால் மட்டும், போர் முடியும்வரை விலகல் செல்லாது. பயம் மிதமிஞ்சும் நேரத்தில்தான் ஆட்கள் இதைக் கையில் எடுப்பார்கள் என்று எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. ஆனால் போருக்கு முன்னமே வரும் பயத்துக்கு அதில் பூட்டு இல்லை.

இலங்கை இதில் சேர்ந்ததே 2017 டிசம்பரில், போர் முடிந்து எட்டு வருடம் கழித்து. ஏ9 வீதியில், போர்முனையாக இருந்த முகமாலையைக் கடக்கும்போது பஸ் ஜன்னலால் நான் பார்த்தது தலையில்லாத பனைகள், சிவப்பு மண்டையோட்டுப் பலகைகள், அப்புறம் முகக் கவசத்தோடு முழங்காலில் இருந்து ஒரு மீட்டர் அகலப் பாதைக்குள் மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக வறண்டி எடுக்கும் பெண்கள். அவர்கள் தேடுவது உள்ளங்கைக்குள் அடங்கும் பிளாஸ்டிக் டப்பா. பெரும்பாலும் பிளாஸ்டிக் என்பதால் உலோகம் தேடும் கருவிக்கே அது லேசில் அகப்படாது. உடன்படிக்கை ஒரு நாட்டுக்கு அமுலுக்கு வந்த நாளிலிருந்து பத்து வருடத்துக்குள் அங்கே புதைந்திருக்கும் மிதிவெடிகளை அகற்றவேண்டும், அந்தக் கணக்குப்படி எங்கள் மண்ணுக்கான கெடு 2028 ஜூன் 1.