குயமாக்கா போகிறவர்களுக்கு

கலிபோர்னியாவில் சான் டியேகோ பக்கம் இருப்பவர்கள் குயமாக்கா ராஞ்சோ மாநிலப் பூங்காவுக்குக் கட்டாயம் போங்கள். நடக்க, குதிரை ஓட்ட, சைக்கிள் மிதிக்க என்று 100 மைலுக்கு மேல் பாதை இருக்கிறது, 6,512 அடி உச்சி வரைக்கும் தார் போட்ட வழியே உண்டு, கார் விடமாட்டார்கள், அதுதான் அதன் அழகே. 2003 அக்டோபர் தீயில் காட்டின் பெரும்பகுதி கருகிப்போனது, பட்டமரங்களைப் பார்த்தால் இன்னமும் மனசு வலிக்கிறது.

அப்புறம் ஒன்று, தயவுசெய்து கேளுங்கள். சைக்கிள்காரர்கள் எல்லோருக்கும் வழிவிட வேண்டும், நடப்பவர்கள் குதிரைக்கு. குதிரை எதிரே வந்தால் சரிவின் கீழ்ப்பக்கமாக ஒதுங்கி நில்லுங்கள், ஆனால் சத்தமில்லாமல் இருக்காதீர்கள், மெதுவாக நாலு வார்த்தை பேசுங்கள், மனுஷக் குரல் கேட்டால்தான் அது மிரளாமல் கடந்து போகும்.