காத்திருக்கலாம் என்று கணக்கு சொல்லும் தெரு

“இனிக் கெடுவதற்கு எங்கள் தெருவில் ஒன்றும் மிச்சமில்லை என்பதால்தான் அதைக் கடைசியில் வைத்திருக்கிறீர்களா, ஐயா?” என்று அந்த அம்மா கேட்டார். குடியிருப்புத் தெருக்களைச் சீரமைக்கும் பட்டியல் மாமன்றத்துக்குப் போகும் முன் நடந்த கருத்துக் கேட்புக் கூட்டம் அது. “ஒரு வகையில் அப்படித்தான், அம்மா” என்றேன். பொறியாளராக நான் சொல்லக்கூடிய உண்மையான பதில் அதுதான் என்று இன்றும் நினைக்கிறேன். ஆனாலும் அந்தப் பதில் என்னை விட்டுப் போகவில்லை.

தார்ச்சாலை ஒரே சீராகக் கெடுவதில்லை. தளத்தின் நிலையை 0 முதல் 100 வரை மதிப்பிடும் குறியீட்டில், தொடக்க ஆண்டுகளில் சரிவு மெதுவாகத்தான் இருக்கும்; வெடிப்புகளின் வழியே நீர் இறங்கி அடியிலுள்ள ஜல்லித் தளத்தை இளக்கிவிட்டால் அதன்பின் சரிவு செங்குத்தாகும். நல்ல நிலையில் இருக்கும்போதே வெடிப்பை அடைத்து, மெல்லிய மேற்பூச்சு இட்டால் குறைந்த செலவில் தெருவின் ஆயுள் நீளும். அடித்தளமே போய்விட்ட தெருவையோ முழுவதும் தோண்டித்தான் போட வேண்டும். விலையேற்றத்தைத் தள்ளிப் பார்த்தால், அந்த வேலையை இந்த ஆண்டு செய்தாலும் சில ஆண்டுகள் கழித்துச் செய்தாலும் செலவில் பெரிய வேறுபாடில்லை. மிக மோசமானதையே முதலில் எடுத்தால், கையிலுள்ள பணம் சில தெருக்களோடு தீர்ந்துவிடும். அதற்குள், தப்பியிருக்க வேண்டிய பல தெருக்கள் அந்த நிலைக்கு வந்துவிடும். இந்த வாதத்தில் எனக்கு இப்போதும் ஐயமில்லை.

ஆனால் இந்தக் கணக்கில் வருவது மாநகராட்சியின் செலவு மட்டுமே. காத்திருப்பவர்களின் செலவு அதில் எந்தக் கட்டத்திலும் இல்லை. வெடிப்பையும் பள்ளத்தையும் சக்கரத்தடத்தையும் அந்தக் குறியீடு அளக்கிறது. தேங்கிய நீரைத் தாண்டி நடக்கும் முதியவரையோ, சக்கர நாற்காலியை வாசலோடு நிறுத்திக்கொண்டவரையோ அது அளப்பதில்லை.

“எங்கள் தெருவில் வண்டிகளே குறைவு, பிறகு எப்படிக் கெட்டது?” என்றும் அந்த அம்மா கேட்டார். அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் 1958 முதல் 1960 வரை நடந்த சாலைச் சோதனையிலிருந்து பொறியாளர்கள் கற்றது, வண்டியின் சக்கர அச்சின் மீதான சுமை இரு மடங்கானால் தளத்துக்கு நேரும் சேதம் ஏறத்தாழ பதினாறு மடங்காகும் என்பது. அப்படிப் பார்த்தால் குடியிருப்புத் தெருவைக் கெடுப்பவை அங்கு வசிப்பவர்களின் கார்கள் அல்ல. குப்பை லாரியும், வடிகாலில்லாமல் நிற்கும் நீரும், குழாய்க்காகத் தோண்டிச் சரியாக இறுக்காமல் மூடிய பள்ளங்களும்தான். இவற்றில் எதுவுமே அந்த அம்மாவின் கையில் இல்லை. அவருடைய தெருவும் ஒரு காலத்தில் நல்ல தெருவாகத்தான் இருந்தது. மேற்பூச்சு இட வேண்டிய ஆண்டுகளில் அதற்கு நிதி வரவில்லை. நல்ல தெருவுக்கு முன்னுரிமை என்று நான் பேசும் நியாயம் அப்போது அதற்குக் கிடைக்கவில்லை, இப்போது அதற்கு எதிராக நிற்கிறது.

கூட்டத்தில் இன்னொரு காரணமும் சொன்னேன்: பழைய பாதாளச் சாக்கடைக் குழாயை மாற்றாமல் மேலே தார் போட்டால், மறுபடி தோண்ட வேண்டியிருக்கும். அதுவும் உண்மையே. கேட்டவர்கள் தலையசைத்தார்கள். ஆனால் குழாய்க்கான நிதி வேறு தலைப்பில், வேறு வரிசையில் வருகிறது. அந்த வரிசையிலும் அவருடைய தெரு எங்கே நிற்கிறது என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அடுத்த ஆண்டுத் திட்டத்தில், முற்றிலும் கெட்ட தெருக்களுக்கென்று ஒரு பங்கைத் தனியே ஒதுக்கிவைக்கப் பரிந்துரைத்தேன். எந்த அடிப்படையில் அந்த அளவு என்று மாமன்ற உறுப்பினர் ஒருவர் கேட்டார். பராமரிப்புப் பங்குக்கு என்னிடம் வரைபடமும் கணக்கும் இருந்தன. இதற்கு அப்படி எதுவும் இல்லை. பங்கைக் கூட்டினால், இன்று நன்றாக இருக்கும் எத்தனை தெருக்கள் கைநழுவும் என்பதை என்னால் கணக்கிட்டுக் காட்ட முடியும். குறைத்தால் யார் எவ்வளவு இழக்கிறார்கள் என்பதைக் காட்ட என்னிடம் வழியில்லை. அவர் கேட்டது நியாயமான கேள்வி என்பதால், அதையும் அப்படியே அவரிடம் சொன்னேன். பரிந்துரையை மட்டும் திரும்பப் பெறவில்லை.