இரண்டு செட் கைவிட்டுப் போன பிறகு: டென்னிஸ் நாட்குறிப்பு

ஜூன் 5

1989-ல் இதே தேதியில் பாரிஸின் ரோலண்ட் கேரோஸில் நான்காவது சுற்று. ஒரு பக்கம் உலகின் முதல்நிலை வீரர் இவான் லென்டில், அந்தச் செம்மண் தரையில் அதற்குள் 3 பட்டம் வென்றவர். எதிரே 17 வயது மைக்கேல் சாங், போட்டித் தரநிலையில் 15. முதல் இரண்டு செட்டும் 4-6, 4-6 எனப் போயின. அடுத்த மூன்றும் 6-3, 6-3, 6-3 எனச் சாங்குக்கு. 4 மணி 37 நிமிட ஆட்டம்.

இந்த ஆட்டத்தைப் பற்றிப் பேச்செடுத்தாலே அண்டர்ஆர்ம் சர்வீஸ் (கையை மேலே தூக்காமல் கீழிருந்து போடும் சர்வீஸ்) கதைதான் வரும். அது ஒரே ஒரு புள்ளி. ஆட்டத்தைத் திருப்பியது பந்தின் உயரம். தசைப்பிடிப்பு வந்த பிறகு சாங்கால் காலை ஊன்றி வேகமாக அடிக்க முடியவில்லை. அதனால் பந்தை வானத்துக்குத் தூக்கிப் பேஸ்லைன், அதாவது எதிர்ப்பக்கக் கடைசிக் கோட்டின் பக்கம் இறக்கினார். லென்டிலின் ஃபோர்ஹேண்ட் வேகமாக வந்து இடுப்பளவில் எழும் பந்தைத்தான் நொறுக்கும். வேகமே இல்லாமல் வந்து தோளுக்கு மேல் குதிக்கும் பந்துக்கு அவரே முழு வேகத்தையும் உண்டாக்க வேண்டும். நாலு மணி நேரம் ஆடிய உடம்பில் அதைத் திரும்பத் திரும்பச் செய்வது லேசல்ல. சாங்குக்கோ ஒவ்வொரு உயரப் பந்தும் நடுவுக்குத் திரும்பி மூச்சு வாங்க நேரம் தந்தது. லென்டிலின் பந்து கொஞ்சம் குட்டையாக விழுந்தால் போதும், கோட்டை நோக்கி ஒரே அடி. பந்து மாறி மாறிப் போகும் நீண்ட ராலிக்குச் சாங்கின் கால் தாங்காது.

ஜூன் 6

தசைப்பிடிப்பு விஷயத்தில் இன்றைய விதியையும் தெரிந்துகொள்வது நல்லது. வெறும் தசைப்பிடிப்புக்கு மெடிக்கல் டைம்-அவுட் (சிகிச்சைக்காக ஆட்டத்தை நிறுத்துவது) கிடையாது. பக்கம் மாறும் 90 விநாடியிலோ, செட் முடிந்த 120 விநாடியிலோதான் பிசியோ தொடலாம். அதுவரை பொறுக்க முடியாது என்றால், அடுத்த இடைவேளை வரும்வரை உள்ள புள்ளிகளை எதிராளிக்கு விட்டுக்கொடுக்க வேண்டும். சாங் இடைவேளைகளில் வாழைப்பழம் தின்றார், தண்ணீர் குடித்தார். ஐந்தாவது செட்டில் 2-1 என்று முன்னணியில் இருந்தபோதே விலகிக்கொள்ளும் எண்ணத்தில் நடுவர் நாற்காலியை நோக்கி நடக்கத் தொடங்கி, பாதியில் திரும்பினார். முன்னணியில் இருப்பவர் விலக நினைத்தார் என்பதை ஸ்கோரை மட்டும் பார்ப்பவர் ஊகிக்கவே முடியாது.

ஜூன் 7

சரி, அந்த அண்டர்ஆர்ம். ஐந்தாவது செட், 4-3, சாங்கின் சர்வீஸ், 15-30. பந்து தரையைத் தொடும் முன் அதை இடுப்புக்குக் கீழிருந்து அடிப்பது விதிப்படி முழுக்கச் சரி. பேஸ்லைனுக்குப் பின்னால் நின்ற லென்டில் முன்னால் ஓடி வந்து எடுக்க வேண்டியதாயிற்று. எடுத்த பிறகு திரும்பிப் போக நேரமில்லை, வலையருகே மாட்டிக்கொண்டார். அவரைத் தாண்டிப் போகச் சாங் அடித்த பாஸிங் ஷாட்டை அவரால் சமாளிக்க முடியவில்லை. 30-30. அந்தக் கேமைப் பிடித்துச் சாங் 5-3.

என்னைக் கேட்டால் அதைவிடக் கூர்மையான தந்திரம் அடுத்த கேமில்தான். லென்டிலின் சர்வீஸ், 15-40, மேட்ச் பாயின்ட். முதல் சர்வீஸ் தவறியது. இரண்டாவதை எடுக்கச் சாங் சர்வீஸ் கோட்டருகே வந்து நின்றார். பந்தை எடுப்பவர் தன் பக்கத்தில் எங்கே வேண்டுமானாலும் நிற்கலாம், அதைத் தடுக்க விதி இல்லை. அங்கே நின்று நல்ல சர்வீஸை எடுப்பது கிட்டத்தட்ட முடியாத காரியம். ஆனால் எடுப்பது நோக்கமே இல்லை. அடிப்பவரின் கண் பந்து விழ வேண்டிய சர்வீஸ் பெட்டியிலிருந்து ஆளின் மேல் போக வேண்டும், அவ்வளவுதான். லென்டில் டபுள் ஃபால்ட்: இரண்டாவது சர்வீஸும் தவறி, ஆட்டம் சாங்குக்கு.

ஜூன் 11

இறுதியில் சாங்குக்கு எதிரே ஸ்டெஃபான் எட்பெர்க். 6-1, 3-6, 4-6, 6-4, 6-2. இங்கேயும் ஒரு செட் பின்தங்கித்தான் வென்றார். நான்காவது செட்டில் எட்பெர்க் கோட்டைவிட்ட பிரேக் பாயின்ட்களை (எதிராளி சர்வீஸ் போடும் கேமைப் பறிக்கும் வாய்ப்புகளை) பார்த்தால் அவருக்காகப் பரிதாபம் வரும்.

ஜூன் 28

2012 விம்பிள்டன், இரண்டாம் சுற்று. தரவரிசையில் 100-வது இடத்தில் இருந்த லூகாஸ் ரோசோல், ரஃபேல் நடாலை 6-7, 6-4, 6-4, 2-6, 6-4 என்று வீழ்த்தினார். நான்காவது செட்டை நடால் சுலபமாக எடுத்தபோது இருட்டிவிட்டது. கூரையை மூட ஆட்டத்தை அரை மணி நேரத்துக்கும் மேல் நிறுத்தினார்கள். நடாலுக்குப் பிடித்திருந்த ஓட்டம் அங்கே அறுந்தது. கூரைக்குள் காற்று இல்லை, வெயில் இல்லை, தூக்கிப் போட்ட பந்து போட்ட இடத்திலேயே இறங்கும். முழு வீச்சில் தட்டையாக அடிப்பவனுக்கு இதைவிட என்ன வேண்டும்? ஐந்தாவது செட்டின் முதல் கேமிலேயே ரோசோல் பிரேக் செய்தார். கடைசிப் புள்ளியும் ஏஸ், எதிராளி தொடவே முடியாத சர்வீஸ்.

இந்த வகை ஆட்டம் அடுத்த சுற்றுக்கு நீடிப்பது அபூர்வம். ரோசோலும் அடுத்த சுற்றிலேயே தோற்றார்.

ஜூன் 29

கணக்கு பார்க்க ஏற்ற ஆட்டம் இது. 2011 விம்பிள்டன் காலிறுதி, ஜோ-வில்ஃப்ரீட் சோங்கா எதிர் ரோஜர் ஃபெடரர்: 3-6, 6-7, 6-4, 6-4, 6-4. கிராண்ட்ஸ்லாமில் (ஆண்டின் நான்கு பெரிய போட்டிகளில்) முதல் இரண்டு செட்டை எடுத்த பிறகு ஃபெடரர் அதுவரை 178 ஆட்டங்களில் ஒன்றில்கூடத் தோற்றதில்லை.

ஸ்கோரைப் பிரித்துப் பாருங்கள். முதல் செட்டில் சோங்கா தன் சர்வீஸை ஒரு முறை இழந்தார். இரண்டாவதில் இழக்கவில்லை, 6-6 ஆன பிறகு செட்டை முடிக்கும் டை-பிரேக்கில் போனது. பிறகும் இழக்கவில்லை. அதாவது இரண்டு செட் பின்னடைவு என்பது உண்மையில் ஒரு பிரேக்கும் டை-பிரேக்கில் நாலைந்து புள்ளியும்தான். மீதி மூன்று செட்டிலும் செட்டுக்கு ஒரு பிரேக் அவருக்குப் போதுமாக இருந்தது. புல்தரையில் பெரிய சர்வீஸ் உள்ளவர் 0-2 என்று இருந்தால், அவர் எத்தனை முறை சர்வீஸ் இழந்தார் என்று முதலில் பாருங்கள். 1-6, 2-6 என்று வந்த 0-2 வேறு சங்கதி.

ஜூலை 11

2018 விம்பிள்டன் காலிறுதி. அதே ஃபெடரர், அதே 2-0. கெவின் ஆண்டர்சன் மூன்றாவது செட்டில் 4-5 என்றிருந்தபோது தன் சர்வீஸில் ஒரு மேட்ச் பாயின்ட்டைக் காப்பாற்றி, 2-6, 6-7, 7-5, 6-4, 13-11 என முடித்தார். ஐந்தாவது செட்டில் 11-11, 30-30 இருக்கும்போது ஃபெடரர் ஒரு டபுள் ஃபால்ட் போட்டார். அடுத்த புள்ளியும் போனது. இன்று இப்படி ஒரு 13-11 வராது. 2022 முதல் நான்கு கிராண்ட்ஸ்லாமிலும் கடைசி செட் 6-6 ஆனால் 10 புள்ளி டை-பிரேக். அது பின்தங்கியிருந்தவருக்கு லாபம் என்றே தோன்றுகிறது: களைத்த காலோடு இன்னும் பத்துப் பன்னிரண்டு கேம் தாங்க வேண்டியதில்லை.

ஆகஸ்ட் 20

நம் ஊர்க்காரர் ஒருவரும் இந்த வரிசையில் உண்டு. 1984-ல் ஜான் மெக்கன்ரோ 82 ஆட்டம் வென்றார், 3-ல் மட்டும் தோற்றார். ஒன்று பிரெஞ்சு ஓப்பன் இறுதியில் லென்டிலிடம், அதுவும் 2-0 முன்னணியிலிருந்து. ஒன்று நாடுகள் மோதும் டேவிஸ் கோப்பையில் ஸ்வீடனின் சுண்ட்ஸ்ட்ரோமிடம். இன்னொன்று சின்சினாட்டி முதல் சுற்றில் சென்னையின் விஜய் அமிர்தராஜிடம்: 6-7, 6-2, 6-3.

செப்டம்பர் 5

2015 அமெரிக்க ஓப்பன். நள்ளிரவு தாண்டி முடிந்த ஆட்டத்தில் ஃபாபியோ ஃபோக்னினி நடாலை 3-6, 4-6, 6-4, 6-3, 6-4 என வென்றார். கிராண்ட்ஸ்லாமில் 2-0 முன்னிலை பெற்ற 151 ஆட்டத்திலும் வென்றிருந்த நடாலுக்கு அதுதான் முதல் சறுக்கல். ஃபோக்னினி 70 வின்னர் (எதிராளி எட்ட முடியாத அடி) அடித்தார். நடாலோடு ராலி ஆடி ஜெயிக்கப் பார்த்தவர்கள் கதை தெரிந்ததே.

செப்டம்பர் 11

அதே 2015 அமெரிக்க ஓப்பன், பெண்கள் அரையிறுதி. ஒரே ஆண்டில் நான்கு கிராண்ட்ஸ்லாமையும் வெல்ல செரீனா வில்லியம்ஸுக்கு இன்னும் இரண்டே ஆட்டம். எதிரே தரவரிசையில் 43-வது இடத்தில் இருந்த ராபர்ட்டா வின்சி. அதற்கு முன் மோதிய நான்கிலும் செரீனாவிடம் ஒரு செட்கூட எடுத்ததில்லை. 2-6, 6-4, 6-4.

வின்சியின் ஆயுதம் பேக்ஹேண்ட் ஸ்லைஸ். பந்து தரையில் பட்டு வழுக்கிக்கொண்டு கணுக்காலுக்கு வரும். உயரமான, முழு வீச்சில் அடிக்கும் வீராங்கனை குனிந்து, பந்தை வலைக்கு மேலே தூக்க வேண்டும். தூக்கினால் வேகம் குறையும், வேகத்தைக் கூட்டினால் வலையில் இடிக்கும். சாங் பந்தை உயரத்தில் வைத்துச் செய்ததை இவர் தாழ்வில் வைத்துச் செய்தார். மூன்றாவது செட்டில் 0-2 பின்தங்கியும் ஸ்லைஸை விடவில்லை. 5-4-ல் சர்வீஸ் போட்டு, பந்து தரையில் பட்டு எழும்போதே அடிக்கும் ஹாஃப்-வாலியில் முடித்தார்.

மறுநாள் இறுதியில் ஃபிளாவியா பென்னெட்டாவிடம் 6-7, 2-6. இருவரும் இத்தாலியின் புலியா பகுதிக்காரர்கள், சிறுவயதிலிருந்தே ஒன்றாக ஆடியவர்கள். அந்த ஸ்லைஸ் எங்கே, எவ்வளவு தாழ்வாக வரும் என்பது பென்னெட்டாவுக்குத் தெரியாததா?