என் இணையதளத்துக்கு விளம்பர வருவாய் வந்த வழி

வீட்டு மின்சாதனங்களைத் தேர்ந்தெடுப்பது, பராமரிப்பது, சிறு பழுதுகளை நாமே கண்டறிவது ஆகியவற்றைத் தமிழில் விளக்கும் இணையதளம் ஒன்றை நடத்தி வருகிறேன். சர்வர் வாடகையையும் டொமைன் கட்டணத்தையும் தளமே ஈட்டிக்கொள்ள வேண்டும் என்ற நோக்கத்தில் அதில் விளம்பரங்களைச் சேர்க்க முடிவு செய்தேன். விண்ணப்பித்தது முதல் பணம் வங்கிக் கணக்கில் சேர்ந்தது வரை நான் கடந்து வந்த படிகளை இங்கே பதிவு செய்கிறேன். இந்தப் படிகள் அனைத்துக்கும் அடியில் ஒரே கேள்விதான் இருக்கிறது என்பது போகப் போக எனக்குத் தெளிவாயிற்று. விளம்பரம் தருபவர் நம்மை அறியமாட்டார். நம் தளத்தைப் பெரும்பாலும் பார்த்திருக்கவும் மாட்டார். பக்கம் உண்மையானதா, அதன் உரிமையாளர் உண்மையானவரா, அதைப் பார்த்தவர் உண்மையான வாசகரா என்பதற்கு நாம்தான் ஒவ்வொரு கட்டத்திலும் சான்று காட்ட வேண்டியிருக்கிறது.

நான் தேர்ந்தெடுத்தது, இணையதளங்களில் விளம்பரங்களைக் காட்டி அந்த வருவாயில் பங்கு தரும் கூகுள் ஆட்சென்ஸ். 2003இல் தொடங்கப்பட்ட அந்தச் சேவையில் தமிழ் 2018இல்தான் ஆதரவு பெற்ற மொழிகளின் வரிசையில் சேர்ந்தது. விண்ணப்பிப்பவருக்கு 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். தளத்தின் மூலநிரலைத் திருத்தும் உரிமை அவரிடம் இருக்க வேண்டும். உள்ளடக்கம் அவருடைய சொந்த ஆக்கமாக இருக்க வேண்டும். இத்தனை கட்டுரைகள் தேவை, இத்தனை வாசகர்கள் தேவை என்று அந்த விதிகளில் எண்ணிக்கை எதுவும் குறிப்பிடப்படவில்லை. ஆயினும் மேலோட்டமான பக்கங்கள் மிகுந்த தளம் மதிப்புக் குறைந்த உள்ளடக்கம் என்ற காரணத்தால் நிராகரிக்கப்படும் என்பதால், விண்ணப்பத்துக்கு முன்பு முழுக் கவனத்தையும் உள்ளடக்கத்தின் மீதே செலுத்தினேன். சலவை இயந்திரத்தின் வடிகட்டியைச் சுத்தம் செய்வது, அதன் கதவு ரப்பரில் படியும் பூஞ்சையை நீக்குவது என்று துண்டு துண்டாக இருந்த குறிப்புகளை ஒரே விரிவான கட்டுரையாக இணைத்தேன். தயாரிப்பாளர் கையேடுகளில் கிடைக்கும் தகவலை மட்டும் சொல்லிக்கொண்டிருந்த பக்கங்களில், நானே பிரித்துப் பார்த்து எடுத்த படங்களையும் கவனித்த விவரங்களையும் சேர்த்தேன். தளத்தைப் பற்றிய அறிமுகம், தொடர்பு கொள்ளும் வழி, தனியுரிமைக் கொள்கை ஆகிய மூன்று பக்கங்களையும் எந்தப் பக்கத்திலிருந்தும் எட்டும்படி அமைத்தேன். இவற்றுள் தனியுரிமைக் கொள்கை விதிப்படியே கட்டாயமானது; விளம்பர நிறுவனங்கள் குக்கிகளை (வாசகரின் உலாவியில் சேமிக்கப்படும் சிறு தகவல் துணுக்குகளை) பயன்படுத்துகின்றன என்பதையும், தனிப்பயனாக்கிய விளம்பரங்களை வாசகர் எவ்வாறு விலக்கிக்கொள்ளலாம் என்பதையும் அதில் தெரிவித்தாக வேண்டும்.

தளம் நம்முடையதுதான் என்பதை உறுதிப்படுத்த மூன்று வழிகள் தரப்படுகின்றன: விளம்பர நிரலைப் பக்கத்தின் தலைப்பகுதியில் சேர்ப்பது, வாசகர் கண்ணுக்குத் தெரியாத மெட்டா குறி ஒன்றைப் பக்க நிரலில் இடுவது, ஆட்ஸ்.டிஎக்ஸ்டி கோப்பை வைப்பது. இந்த மூன்றாவது வழியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்வது பயன் தரும். விளம்பர இடங்கள் விளம்பரதாரர்களுக்குத் தானியங்கி ஏலத்தில் விற்கப்படுகின்றன. இணைய விளம்பரத்துக்கான தொழில்நுட்பத் தரங்களை வகுக்கும் ஐஏபி டெக் லேப் என்ற அமைப்பு 2017இல் இந்தக் கோப்பு முறையை அறிமுகப்படுத்தியது. புகழ்பெற்ற தளங்களின் பெயரைப் போலியாகச் சொல்லி, தரமற்ற பக்கங்களிலுள்ள விளம்பர இடங்களை ஏலத்தில் விற்றுக்கொண்டிருந்தவர்களைத் தடுப்பதே அதன் நோக்கம். நம் டொமைனின் வேர் அடைவில், அதாவது தளக் கோப்புகளின் முதல் நிலை அடைவில், வைக்கப்படும் சாதாரண எழுத்துக் கோப்பு அது. ஒவ்வொரு வரியிலும் விளம்பர அமைப்பின் டொமைன், அதில் நமக்குள்ள பதிப்பாளர் எண் (பதிப்பாளர் என்பவர் தளத்தை நடத்துபவர்), அந்த அமைப்புடன் நமக்கு இருப்பது நேரடி உறவா மறுவிற்பனை உறவா என்ற குறிப்பு ஆகியவை காற்புள்ளிகளால் பிரிக்கப்பட்டு எழுதப்படும்; நான்காவதாகச் சான்றளிப்பு அமைப்பின் அடையாளத்தையும் சேர்க்கலாம். பதிப்பாளர் எண்ணில் ஓர் இலக்கம் மாறிவிட்டாலும் அந்த வரி நம் கணக்கைச் சுட்டாது; விளம்பரம் வாங்குவோர் நம் இடத்தை அங்கீகரிக்கப்படாததாகக் கருதி ஏலத்திலிருந்து விலகிவிடுவார்கள். ஆகவே அந்த வரியைக் கையால் தட்டச்சு செய்யாமல் கணக்குப் பக்கத்திலிருந்து நகலெடுத்து ஒட்டுவதையே நான் வழக்கமாகக் கொண்டிருக்கிறேன்.

அனுமதி கிடைத்த பின்பு விளம்பரங்களை எங்கே வைப்பது என்ற கேள்வி எழுந்தது. என் உழைப்பில் பெரும்பகுதி இதற்கே சென்றது. வருவாயில் தெளிவான மாற்றத்தைக் கொண்டுவந்ததும் இதுவே. ஒரு விளம்பரம் பக்கத்தில் இருக்கிறது என்பதும், அது வாசகர் கண்ணில் பட்டது என்பதும் வேறு வேறு. விளம்பர அளவீட்டுத் தரங்களை வகுக்கும் மீடியா ரேட்டிங் கவுன்சில் என்ற அமைப்பின் அளவுகோலின்படி, விளம்பரத்தின் பரப்பில் குறைந்தது 50 விழுக்காடு திரையில் தொடர்ந்து 1 வினாடியாவது தென்பட்டால்தான் அது பார்க்கப்படக்கூடிய காட்சி என்று கணக்கிடப்படும். காணொளி விளம்பரங்களுக்கு 2 வினாடி வேண்டும். பக்கத்தின் உச்சியில் 728க்கு 90 பிக்சல் அளவில் ஒரு பட்டையை வைத்துவிட்டால் எல்லோரும் அதைப் பார்ப்பார்கள் என்று தோன்றும். ஆனால் தேடுபொறி வழியாக வரும் வாசகர், தம் கேள்விக்கான விடை எங்கே இருக்கிறது என்று தேடிக்கொண்டு அந்தப் பட்டையை உடனே தாண்டிக் கீழே சென்றுவிடுகிறார். பல நேரங்களில் விளம்பரம் தரவிறங்கி முடிவதற்குள் அவர் அந்த இடத்தைக் கடந்திருக்கிறார். அவர் நின்று நிதானமாகப் படிக்கும் இடம், முதல் சில பத்திகளுக்குப் பிறகு தொடங்கும் செய்முறை விளக்கம்தான். அந்த விளக்கத்துக்குச் சற்று முன்பாக, இரண்டு பத்திகளுக்கு நடுவே, 300க்கு 250 அளவுள்ள ஒரே ஒரு விளம்பரத்தை வைத்தபோது, உச்சிப் பட்டையைவிட அது அதிக வருவாய் தந்தது. இதைக் கண்ட பிறகு பக்கத்தின் ஓரத்திலும் அடியிலும் இருந்த பல விளம்பரங்களை நீக்கிவிட்டேன். பார்க்கப்படாத இடங்கள் குறைந்ததால் தளத்தின் சராசரிப் பார்வை விகிதம், அதாவது மொத்தக் காட்சிகளில் உண்மையில் பார்க்கப்படக்கூடியவற்றின் பங்கு, உயர்ந்தது. விளம்பரதாரர்கள் ஏலம் கேட்கும்போது இந்த விகிதத்தையும் கணக்கில் கொள்கிறார்கள் என்பதால், மீதமிருந்த இடங்களுக்குக் கிடைத்த விலையும் நாளடைவில் கூடியது.

ஒரு விளம்பரத்தைச் செய்முறைப் படிகளின் நடுவில் செருகுவதை நான் எப்போதும் தவிர்க்கிறேன். மின்னிணைப்பைத் துண்டித்துவிட்டு அடுத்து என்ன செய்வது என்று பார்க்கும் வாசகருக்கு, அந்த இடத்தில் அடுத்த படிதான் தெரிய வேண்டும். இதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. பொத்தான்களுக்கும் தரவிறக்கச் சுட்டிகளுக்கும் அருகில் விளம்பரம் வைப்பது தவறுதலான சொடுக்குகளுக்கு வழிவகுக்கும். அது விதிகளுக்கும் புறம்பானது. விளம்பரத்துக்கு மேலே தலைப்பிடுவதானால் விளம்பரம் என்றோ, ஆதரவாளர் இணைப்புகள் என்றோதான் குறிக்கலாம்.

பக்கம் குதிப்பதையும் சரிசெய்ய வேண்டியிருந்தது. விளம்பரம் தாமதமாக வந்து சேரும்போது, படித்துக்கொண்டிருந்த வரி திடீரெனக் கீழே தள்ளப்படும். இந்த அசைவை அளக்கும் சிஎல்எஸ் என்ற அளவு 0.1க்குள் இருந்தால்தான் கூகுள் அதை நல்ல நிலை என்று கொள்கிறது. விளம்பரம் வரவிருக்கும் பெட்டிக்குக் குறைந்தபட்ச உயரத்தைப் பக்க வடிவமைப்பிலேயே ஒதுக்கி வைத்ததும் அந்தக் குதிப்பு நின்றது. கீழே உள்ள விளம்பரங்கள், வாசகர் அவற்றை நெருங்கும்போது மட்டும் தரவிறங்கும்படி அமைத்தேன். வாசகரைத் தொந்தரவு செய்யும் விளம்பர வகைகளைத் தவிர்க்க கோயலிஷன் ஃபார் பெட்டர் ஆட்ஸ் என்ற கூட்டமைப்பு வகுத்த தரவிதிகளையும் இந்தக் கட்டத்திலேயே படித்துவிடுவது நல்லது. கைபேசியில் ஒரு கட்டுரையின் மொத்த உயரத்தில் 30 விழுக்காட்டுக்கு மேல் விளம்பரங்கள் இருக்கக் கூடாது, ஒலியுடன் தானே ஓடும் காணொளி கூடாது என்பன அவற்றுள் சில. இவற்றைத் தொடர்ந்து மீறும் தளங்களின் விளம்பரங்களை 2018 பிப்ரவரியிலிருந்து குரோம் உலாவியே வடிகட்டுகிறது.

வருவாய் அறிக்கையைப் படிக்கக் கற்றுக்கொள்வது தனிப் பயிற்சி. மொத்த வருவாயைப் பக்கப் பார்வைகளால் வகுத்து 1,000ஆல் பெருக்கினால் கிடைப்பது ஆர்பிஎம். 5,000 பார்வைகளுக்கு 10 டாலர் வந்தால் அது 2 டாலர். தளம் முழுமைக்கும் கிடைக்கும் சராசரி எண்ணை வைத்துக்கொண்டு எந்த முடிவும் எடுக்க முடியாது என்பது என் உறுதியான கருத்து. ஒவ்வொரு பக்கத்துக்கும் தனித்தனியே ஆர்பிஎம் கணக்கிட்டபோதுதான், குளிர்சாதனப் பெட்டியைத் தேர்ந்தெடுப்பது பற்றிய கட்டுரை, அதைச் சுத்தம் செய்வது பற்றிய கட்டுரையைவிட ஒரு பார்வைக்குப் பல மடங்கு ஈட்டுவது தெரிந்தது. வாங்கும் எண்ணத்தில் இருப்பவரை அடைய நிறுவனங்கள் போட்டி போடுவதே அதற்குக் காரணம். அதற்காகத் தேர்வுக் கட்டுரைகளை மட்டுமே எழுதிக் குவிக்க நான் முயலவில்லை. பழுது பார்க்க வந்து பயன் கண்டவர்களே பிறகு புதிய சாதனம் வாங்கும்போது தேடி வருகிறார்கள். ஆகவே இரண்டு வகைக் கட்டுரைகளையும் உள்ளிணைப்புகளால் இணைத்தேன்.

இந்தப் பணம் எப்படிப் பிரிக்கப்படுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். நெடுங்காலம் ஆட்சென்ஸ், விளம்பரதாரர் செலுத்துவதில் 68 விழுக்காட்டைப் பதிப்பாளருக்கு அளித்தது. 2023 நவம்பரில் அறிவிக்கப்பட்டு 2024இல் நடைமுறைக்கு வந்த மாற்றத்தின்படி, விளம்பரதாரருக்காக இடத்தை வாங்கித் தரும் அமைப்பின் கட்டணம் கழிந்த பின் மீதியில் 80 விழுக்காடு பதிப்பாளருக்கு வருகிறது. கூகுளின் சொந்த விளம்பர அமைப்பு வழியாக வாங்கப்படும்போது, மொத்தத்தில் பதிப்பாளரின் பங்கு ஏறத்தாழ முன்பிருந்த 68 விழுக்காடாகவே அமைகிறது. அதே சமயத்தில், முதன்மையாகச் சொடுக்குகளுக்குப் பணம் என்றிருந்த முறை, விளம்பரக் காட்சிகளுக்குப் பணம் என்று மாறியது. வாசகரைச் சொடுக்க வைப்பதைவிடப் பக்கத்தில் நிலைத்திருக்கச் செய்வதே நமக்கு நன்மை என்று நான் வைத்திருந்த நம்பிக்கைக்கு இந்த மாற்றம் வலுச் சேர்த்தது.

ஆண்டின் கடைசி மூன்று மாதங்களில் நிறுவனங்கள் விளம்பரத்துக்கு அதிகம் செலவிடுவதால் வருவாய் உயரும். ஜனவரியில் அது சரியும். இதைத் தெரிந்து வைத்திருப்பவர் ஜனவரி அறிக்கையைக் கண்டு விளம்பர அமைப்பைத் தலைகீழாக மாற்ற மாட்டார். ஒரு மாற்றத்தின் பலனை மதிப்பிட வேண்டுமானால், முந்தைய மாதத்துடன் ஒப்பிடுவதைவிட முந்தைய ஆண்டின் அதே மாதத்துடன் ஒப்பிடுவதே சரியான முறை.

தளம் சற்று வளர்ந்ததும், வாசகர்களை விலைக்கு அனுப்பித் தருவதாகச் சொல்லும் மின்னஞ்சல்கள் வரத் தொடங்கின. அவர்கள் அனுப்புவது பெரும்பாலும் தானியங்கி நிரல்களின் வருகையே. அதை ஏற்றுக்கொண்டால் விளம்பரதாரரின் பணம் யாரும் பார்க்காத காட்சிகளுக்குச் செலவாகும். தவறான வருகை என்று கண்டறியப்பட்டதும் அந்தத் தொகை கழிக்கப்படும், கணக்கும் முடக்கப்படலாம். நம் விளம்பரத்தை நாமே சொடுக்குவதும், நண்பர்களைச் சொடுக்கச் சொல்வதும் இதே வகையைச் சேர்ந்தவை. ஒருமுறை அறியாத ஒரு மூலத்திலிருந்து வருகை திடீரென ஏறியபோது, சர்வர் பதிவுகளைப் பார்த்து அந்த முகவரிகளைத் தடுத்தேன். தவறான சொடுக்குகளைத் தெரிவிப்பதற்கென்று உள்ள படிவத்திலும் விவரம் எழுதி அனுப்பினேன். மாத நடுவில் தெரியும் தொகை மதிப்பீடு மட்டுமே. அடுத்த மாதத் தொடக்கத்தில் கழிவுகள் போக இறுதியாகும் தொகையையே நான் வரவாக எழுதுகிறேன்.

ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியிலும் பிரிட்டனிலும் உள்ள வாசகர்களுக்கு விளம்பரம் காட்டுவதானால், 2024 ஜனவரி 16 முதல் குக்கிகளுக்கும் தனிப்பட்ட தகவலின் பயன்பாட்டுக்கும் வாசகரின் சம்மதம் கேட்கும், கூகுள் சான்றளித்த ஒப்புதல் கருவி ஒன்றைப் பயன்படுத்தியாக வேண்டும். ஆட்சென்ஸிலேயே அதற்கான ஏற்பாடு இருக்கிறது. ஒப்புதல் பெட்டியில் ஏற்கிறேன் என்ற பொத்தானுக்கு இணையான அளவில் மறுக்கிறேன் என்ற பொத்தானையும் வைத்திருக்கிறேன்.

பணம் பெறும் கட்டத்தில் அதிகச் சிக்கல் இல்லை. கணக்கில் 10 டாலர் சேர்ந்ததும், நாம் கொடுத்த முகவரிக்கு அஞ்சலில் ஒரு பின் எண் அனுப்பப்படும்; வந்து சேர இரண்டு முதல் நான்கு வாரங்கள் ஆகலாம். நான்கு மாதங்களுக்குள் அதைப் பதிவு செய்யாவிட்டால் விளம்பரங்கள் நின்றுவிடும். வரித் தகவல் படிவத்தை நிரப்பி, வங்கிக் கணக்கில் உள்ளபடியே பெயரைக் கொடுத்து, தொகை 100 டாலரை எட்டும் வரை காத்திருந்தேன். அடுத்த மாதம் 21ஆம் தேதிக்கும் 26ஆம் தேதிக்கும் இடையே அது அனுப்பப்பட்டது.

பிறகு சாதன உதிரிபாகங்கள் விற்கும் ஒரு நிறுவனம் நேரடியாக விளம்பரம் தர விரும்பி எழுதியது. அந்த இடத்துக்கு ஏலத்தில் மாதந்தோறும் கிடைத்து வந்த தொகை என்னிடம் கணக்காக இருந்ததால், அதற்குக் குறையாமல் விலை சொல்ல முடிந்தது. விளம்பரம் என்ற சொல் மேலே தெளிவாகத் தெரிய வேண்டும், இணைப்பின் நிரலில், அது பணம் பெற்று இடப்பட்டது என்று தேடுபொறிகளுக்குத் தெரிவிக்கும் ஸ்பான்சர்டு என்ற குறி இருக்க வேண்டும், கட்டுரையின் கருத்தில் அவர்கள் தலையிடக் கூடாது என்ற மூன்று நிபந்தனைகளையும் ஒப்பந்தத்தில் எழுதினேன். மாத இறுதியில் அவர்களுக்கு அனுப்பும் அறிக்கையில் மொத்தக் காட்சிகளைத் தனியாகவும், பார்க்கப்பட்ட காட்சிகளைத் தனியாகவும் குறிப்பிடுகிறேன். விலையை இரண்டாவது எண்ணைக் கொண்டே கணக்கிடுகிறோம்.